மாடிக்குப் போன அமுதினி

‘ஏழாம் படகுத்துறை’ என்றொரு தொலைக்காட்சித் தொடர். அதன் இருநூற்றுப் பதினான்காம் பகுதியில் அமுதினி என்ற பெண், “மழை வர்ற மாதிரி இருக்கு, துணியை எடுத்துட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் படியேறிப் போனாள். அதன் பிறகு அவள் இறங்கி வரவில்லை.

மழை வந்தது. கீழே கல்யாணப் பேச்சு நடந்தது. அடுத்த கிழமை நிச்சயதார்த்தமும் நடந்தது. ஒரு பெரிய குடும்பமே கூடத்தில் உட்கார்ந்து பலகாரம் சாப்பிட்டது. ஒருவராவது தலையை நிமிர்த்தி, “அமுதினி எங்கே?” என்று கேட்கவில்லை. அந்த நடிகைக்கும் தயாரிப்பாளருக்கும் ஏதோ பிணக்கு என்று சிலர் எழுதினார்கள். அவளுக்குப் படவாய்ப்பு வந்துவிட்டது என்று வேறு சிலர் எழுதினார்கள். எது எப்படியோ, கதையில் அவளுக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல எவருக்கும் நேரம் இருக்கவில்லை.

சுவிஸின் இன்டர்லாக்கன் நகரத்தில் மரியகொறற்றி மட்டும் அவளுக்காகக் காத்திருந்தாள்.

கொறற்றிக்கு நாற்பத்தேழு வயது. மன்னாரிலிருந்து இருபத்துநாலு வயதில் நோபேட்டைக் கல்யாணம் கட்டி வந்தவள். நோபேட் ஒரு உணவகத்தில் சமையல். அவள் ஒரு பெரிய ஹோட்டலின் நிலக்கீழ்ப் பகுதியில், துணி வெளுத்து இஸ்திரி போடும் பிரிவில், பதினெட்டு வருடமாக வேலை செய்கிறாள். மேலே விருந்தினர்கள் பல்கனியில் நின்று பனிமலையைப் படம் எடுப்பார்கள். கீழே அவளுக்கு மலை கிடையாது, வெள்ளை மட்டும்தான். ஈரமான படுக்கை விரிப்புகளை இரண்டு பெண்கள் ஒரு பக்கத்தால் சுடு உருளைக்குள் கொடுப்பார்கள். மறுபக்கத்தில் அவை நீராவி விட்டுக்கொண்டு, தட்டையாக, கதகதப்பாக வெளியே வரும். அவற்றை வாங்கி மடிப்பது கொறற்றியின் வேலை. ஒரு விரிப்பு, இன்னொரு விரிப்பு, பிறகும் விரிப்பு. கைக்கு வேலை தெரியும், மனதுக்கு வேலை இல்லை. அதனால் அவளுடைய மனம் அந்த வெள்ளையின் மேலே நடந்து எங்கேயாவது போய்விடும். கூட வேலை செய்யும் போர்த்துக்கல்காரி இரண்டு முறை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கினால் மூன்று மணிக்கு முடிந்துவிடும். நாலு மணிக்கு, சென்னையில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போகிற ‘ஏழாம் படகுத்துறை’ அவளுடைய வீட்டுக் கூடத்தில் வெயிலோடு ஓடும். நாயகனையோ நாயகியையோ அவள் பெரிதாகக் கணக்கில் எடுத்ததில்லை. அமுதினி அந்த வீட்டுக்கு ஒன்றுவிட்ட உறவு, ஒரு நாளைக்கு இரண்டு வசனம் பேசுகிறவள். ஆனால் பேசும்போது கையில் எப்போதும் ஏதாவது துணி இருக்கும். அதை நேர்த்தியாக, மூலைக்கு மூலை பிடித்து மடிப்பாள். அது நடிப்பில்லை, வேலை தெரிந்த கை என்று கொறற்றி முதல் நாளே கண்டுகொண்டாள்.

“நோபேட், அவள் மூண்டு கிழமையா மாடியிலையே நிக்கிறாள்” என்றாள் ஒரு நாள்.

“ஆர்?”

“அமுதினி. உடுப்பு எடுக்கப் போனவள்.”

நோபேட் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வேலையிலும் வெங்காயம், வீட்டிலும் வெங்காயம். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப அவள் என்னத்தைச் சாப்பிடுறாள்?” என்று கேட்டார்.

அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. சமையல்காரருக்கு அதுதான் முதலில் தோன்றும். ஆனால் அந்தக் கேள்வி கொறற்றியைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் விரிப்பு மடிக்கும்போது அவள் மாடியைப் பார்த்தாள். துணிகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்ட அமுதினி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு குட்டைச் சுவர் இருப்பதைக் கண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு மாடி. அங்கே ஒரு வயதான மனுசி அடுப்பு மூட்டித் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். மழை வரும் முன்னே ஒரு வாய் குடித்துவிட்டுப் போ என்றாள். அமுதினி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைத் தாண்டினாள். அங்கிருந்து பார்த்தபோது ஊரின் மாடிகள் எல்லாம் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு, ஆற்றங்கரை வரைக்கும் ஒரு இரண்டாவது ஊர் போலக் கிடந்தன.

ஒன்பது மணி இடைவேளையில், எல்லோரும் பாண் சாப்பிட்டுக்கொண்டிருக்க, கொறற்றி அதைக் கைபேசியில் ஒற்றை விரலால் தட்டினாள். பதினைந்து நிமிடத்தில் எட்டு வரிதான் வந்தது. அடுத்த நாள் இன்னும் எட்டு வரி.

இரண்டு கிழமைக்குப் பிறகு மகள் எலேனா அதைக் கண்டுபிடித்தாள். எலேனாவுக்குப் பதினெட்டு வயது, துன் நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் தொழில் பழகுகிறாள். தமிழ் நன்றாகக் கதைப்பாள். வாசிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டி ஒரு வரியை முடிப்பதற்குள் கொட்டாவி விடுவாள்.

“என்னம்மா இவ்வளவு நீட்டுக்கு? ஆருக்கு மெசேஜ்?”

கொறற்றி கூச்சத்தோடு விசயத்தைச் சொன்னாள். எலேனா சிரிக்கவில்லை. “அம்மா, இதுக்குப் பேர் ஃபேன் ஃபிக்‌ஷன். நான் பன்னிரண்டு வயசில இருந்து வாசிக்கிறன்.”

“மற்றவையின்ர கதையை எடுத்து எழுதுறது களவில்லையோ?”

“காசுக்கு விக்காட்டிப் பறவாயில்லையம்மா. எல்லாரும் செய்யினம். கதையில ஒண்டு உங்களுக்குப் பிடிக்காட்டி நீங்களே வேற மாதிரி எழுதலாம். செத்தவையை எழுப்பலாம். போனவையைக் கூட்டிக்கொண்டு வரலாம்.”

“நான் கூட்டிக்கொண்டு வரேல்லை. அவள் அங்கையே நிக்கட்டும்.”

எலேனாதான் ஒரு தமிழ்க் கதைத் தளத்தைத் தேடிப் பிடித்து, அம்மாவுக்குக் கணக்குத் திறந்து கொடுத்தாள். புனைபெயர் வேண்டும் என்றது தளம். கொறற்றி வேலையிடத்தை நினைத்து, ‘நீராவி’ என்று போட்டாள்.

அந்தத் தளத்தில் எழுதுகிறவர்களுக்கென்று சில வழக்கங்கள் இருந்தன. பகுதியை ‘எபி’ என்பார்கள். புதுப் பகுதி போட்டால் அது ‘யூடி’. நாயகன் பெரும்பாலும் கோபக்கார முதலாளி. முதல் எபியில் கட்டாயத் தாலி, பத்தாம் எபியில் காய்ச்சல், காய்ச்சலில் அவள் நெற்றியில் அவன் கை. பிரிந்து போனவள் ஐந்து வருடம் கழித்து இரட்டைக் குழந்தைகளோடு திரும்பி வருவாள். ‘ஏழாம் படகுத்துறை’க்கு மட்டும் அங்கே நூற்றெண்பது ரசிகர் கதைகள் இருந்தன. நூற்றெண்பதிலும் நாயகனும் நாயகியும் மறுபடி மறுபடி கல்யாணம் செய்துகொண்டார்கள். கொறற்றி நாலைந்தை வாசித்துப் பார்த்தாள். விறுவிறுப்பாகத்தான் இருந்தன. ஆனால் அவற்றில் யாரும் முகம் கழுவவில்லை, யாருக்கும் கால் வலிக்கவில்லை, வெயில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியவில்லை.

அவளுடைய கதையில் வெயிலும் காற்றும்தான் இருந்தன. அமுதினி மாடி மாடியாக நடந்தாள். ஒரு மாடியில் ஊறுகாய்க்கு எலுமிச்சை காய்ந்தது, ஒன்றில் ஒருவர் புறா வளர்த்தார், ஒன்றில் யாரோ விட்டுப்போன தையல் இயந்திரம் தார்ப்பாயின் கீழே கிடந்தது. அவள் அதற்கு எண்ணெய் போட்டு, அந்த மாடி அறையிலேயே தங்கிவிட்டாள். ஒவ்வொரு எபியின் முடிவிலும் யாராவது ஒருவர் வயிறாறச் சாப்பிட்டார்கள். அந்த வழக்கத்துக்கு நோபேட்தான் பொறுப்பு. “இண்டைக்கு அவளுக்குப் பயத்தங்காய்க் குழம்பு வையப்பா” என்று வெளிக்கிடும்போது சொல்லிவிட்டுப் போவார்.

முதல் எபியைப் பதினொரு பேர் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் ‘நைஸ்’ என்று எழுதி ஒரு பூ போட்டாள். கொறற்றி அந்தப் பூவை அன்று முழுக்க எத்தனை முறை திறந்து பார்த்தாள் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

பிறகு ஆட்கள் கூடினார்கள். ‘செம எபி சிஸ்’, ‘அமுதினிய நான் மட்டும்தான் தேடுறேன்னு நெனச்சேன்’, ‘அடுத்த யூடி எப்போ?’ என்று கருத்துகள் வந்தன. பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். அதனால் எலேனாவால் அம்மாவின் கதையை வாசிக்க முடியாவிட்டாலும் கதைக்கு வந்த கருத்துகளை வாசிக்க முடிந்தது. பஸ்ஸில் வரும்போதே வாசித்துவிட்டு வந்து, “அம்மா, உங்களை ஆவி அக்கா எண்டு கூப்பிடுகினம். நீங்கள் பேயோ?” என்றாள். மதுரையில் ஒருத்தி, அமுதினி அடிக்கடி ‘ஓம்’ என்கிறாளே, சாமி கும்பிடுகிறாளா என்று சந்தேகம் கேட்டாள். எவ்வளவு கவனமாக எழுதினாலும் கொறற்றியின் சொல் உள்ளே விழுந்துவிடும். அந்தச் சந்தேகத்துக்கு அவள் பதில் எழுதும் முன்பே இன்னொருவர் எழுதிவிட்டார்: ‘ஓம் என்றால் ஆம். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். அமுதினி மாடி ஏறிய பிறகு எங்கள் பக்கத்து ஆளாகிவிட்டாள்.’

அப்படி எழுதியவள் சிவமலர்.

சிவமலர் பூ போடுவதில்லை. முதன்முதலாக ஐந்தாம் எபிக்கு எழுதினாள்: ‘நாலாம் பகுதியில் காற்று மேற்கிலிருந்து அடித்தது. இதில் சேலை மேற்குப் பக்கமாகப் பறக்கிறது. காற்று திரும்பிவிட்டதா? திரும்பியிருந்தால் அமுதினி அதைக் கவனித்திருப்பாளே.’ கொறற்றிக்கு முகம் சூடாகிவிட்டது. திரும்பப் போய் வாசித்தாள். உண்மைதான். ஆறாம் எபியில் காற்று திரும்பியதையும், அமுதினி அதற்காகக் கொடியை மாற்றிக் கட்டியதையும் எழுதினாள். எழுதியபோதுதான் அந்த மாடி அவளுக்கு முழுதாகத் தெரிந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு எபிக்கும் சிவமலரிடமிருந்து ஒரு நீண்ட கருத்து வரும். புகழ்ச்சி இருக்காது. புறாக்காரர் ஏன் இரண்டு நாளாக இருமுகிறார், தையல் இயந்திரத்தின் சத்தம் கீழ் வீட்டுக்குக் கேட்காதா, இப்படி. ஒருமுறை, ‘இன்று இங்கே ஃபோன் காற்று, ஒரே தலையிடி. அமுதினியின் ஊரில் இப்படி ஒரு சூட்டுக் காற்று உண்டா?’ என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே கோயம்புத்தூரிலிருந்து ஒருத்தி, ‘ஃபோன்ல இருந்து காத்து வருமா சிஸ்?’ என்று கேட்டிருந்தாள். கொறற்றி வாய்விட்டுச் சிரித்தாள். மலையிலிருந்து இறங்கி வந்து தலையைப் பிளக்கும் அந்தக் காற்றின் பெயர் இந்தப் பக்கத்து ஆட்களுக்குத்தான் தெரியும். தனிச் செய்தியில், ‘நீர் சுவிஸிலோ?’ என்று கேட்டாள். ‘ஓம், வில் என்கிற ஊரில். யோகட் கோப்பை மூடி செய்கிற தொழிற்சாலை’ என்று பதில் வந்தது. அதற்கு மேலே இருவரும் தங்களைப் பற்றிக் கேட்கவில்லை. அமுதினியைப் பற்றிக் கதைக்கவே நேரம் சரியாக இருந்தது.

நாற்பதாம் எபியை எட்டியபோது மற்ற வாசகர்கள் பொறுமை இழக்கத் தொடங்கினார்கள். ‘சிஸ், ஹீரோ எப்போ வருவார்?’ ‘பாவம் அமுதினி, அவளுக்கு ஒரு ஜோடி குடுங்க.’ ‘கதை நல்லா இருக்கு, ஆனா கதையே இல்லையே.’ கடைசிக் கருத்தைக் கொறற்றி பல நாள் மனதில் வைத்துப் புரட்டினாள். ஒருவேளை உண்மையாக இருக்குமோ?

நாற்பத்துமூன்றாம் எபியில் இளம்பரிதி வந்தான். மாடிகளில் உள்ள தண்ணீர்த் தொட்டிகளைத் திருத்த வந்த பொறியியலாளன். கையில் குறடு, புருவத்தில் ஒரு தழும்பு. அன்று மட்டும் இருநூறு கருத்துகள். ‘வந்துட்டாரு எங்க ஹீரோ’ என்று ஒரே ஆரவாரம். தான் எழுதியதற்காக எங்கோ இருநூறு பேர் ஒரே நேரத்தில் சந்தோசப்படுகிறார்கள் என்பது ஒரு மயக்கம்தான். அடுத்த எபியில் இளம்பரிதி கோபப்பட்டான். அதற்கடுத்ததில் அவள் படியில் தடுக்கினாள், அவன் பிடித்தான். ஐம்பத்தைந்தாம் எபியில் அவனுடைய அத்தை மகள் வந்து சேர்ந்தாள். ஐம்பத்தெட்டில் அமுதினிக்குக் காய்ச்சல். நாலாயிரம் பேர் வாசித்தார்கள். தளம் கதையின் படத்தை முதல் பக்கத்தில் போட்டது.

எழுதுவதும் சுலபமாகிவிட்டது. முன்பு எட்டு வரிக்கு ஒரு இடைவேளை முழுவதும் போகும். இப்போது பத்து நிமிடத்தில் அரை எபி முடிந்துவிடும். வாசகர்கள் கேட்பதை அடுக்கி வைத்தால் போதும். ஆனால் விரிப்பு மடிக்கும்போது அவளுக்கு மாடி தெரிவதில்லை. விரிப்பு வரும், அது விரிப்பாகவே இருக்கும். போர்த்துக்கல்காரி ஒருமுறை கூப்பிட்டதுமே கொறற்றி திரும்பிப் பார்த்தாள். கூப்பிட்டவளுக்கே ஆச்சரியம். கொறற்றிக்கு அது ஏனோ துக்கமாக இருந்தது.

சிவமலரின் கருத்துகள் குறுகிக்கொண்டே வந்து, அறுபத்தோராம் எபியோடு நின்றுவிட்டன. பெயர் மட்டும் வாசித்தவர்களின் பட்டியலில் இருந்தது. இருநூறு பூக்களுக்கு நடுவே அந்த ஒரு இடைவெளி கொறற்றியின் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் கேட்டேவிட்டாள்: ‘நீர் ஏன் இப்ப ஒண்டும் எழுதுறேல்லை?’

ஒரு நாள் கழித்துப் பதில் வந்தது. ‘வாசிக்கிறன் அக்கா. சொல்ல ஒண்டும் வருகுதில்லை. அமுதினி இப்ப எல்லாரையும் போலக் கதைக்கிறாள்.’

கொறற்றிக்குக் கோபம் வந்தது. இவள் ஒருத்திக்காக நாலாயிரம் பேரை விடுவதா என்று நினைத்தாள். அன்று பயத்தங்காய் அடிப்பிடித்துவிட்டது. நோபேட் கரிந்ததை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார்.

இந்த நேரத்தில்தான் தொடரிலேயே அமுதினி திரும்பி வந்தாள்.

ஐந்நூற்று எண்பதாம் பகுதி. வாசலில் ஒரு கார் நிற்கிறது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் இறங்குகிறாள். கீழே எழுத்து ஓடுகிறது, இனி அமுதினியாக இவர் நடிப்பார் என்று. புது முகம், புதுக் குரல். மாடிக்குப் போனதைப் பற்றி ஒரு சொல் இல்லை. வெளிநாட்டில் இருந்தாளாம், சொத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறாளாம். முதல் நாளே நாயகியின் பாலில் எதையோ கலந்தாள். கொறற்றி தொலைக்காட்சியை நிறுத்தாமல் குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்தபோதும் அந்தப் பெண் அங்கேயே இருந்தாள்.

தளத்தில் அமளி. ‘சிஸ், அமுதினி வந்துட்டா, பாத்தீங்களா?’ ‘இனி உங்க கதையில அவள வில்லியா மாத்துங்க, செமையா இருக்கும்.’ ‘இளம்பரிதிய டபுள் கேம் ஆக்குங்க.’ சிலர் அன்போடு, இனி இந்தக் கதை தேவைப்படாதே என்று எழுதினார்கள். உண்மையான அமுதினிதான் வந்துவிட்டாளே.

உண்மையான அமுதினி என்ற சொல்லைக் கொறற்றி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு ஏழு கிழமை அவள் ஒரு வரியும் எழுதவில்லை. மலைகளில் பனி உருகி ஆரே ஆறு பச்சைப் பாலாக ஓடியது. வேலை முடிந்து ஆற்றங்கரையால் வீட்டுக்கு நடப்பாள். யாரையோ வாசலில் நிற்கவைத்துவிட்டு வந்தது போல ஒரு நினைப்பு கூடவே வரும்.

எலேனாதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டாள். “அந்த நீட்டுக்கு நீட்டுக்கு எழுதுற அக்கா என்ன சொல்லுறா?”

“அவ முதலே நிப்பாட்டிப்போட்டா.”

“எங்க இருக்கிறா?”

“வில்லில.”

“ரயிலிலை மூண்டு மணித்தியாலம். போய்க் கேளுங்கோவன்.”

முன்பின் கண்டிராத ஒருத்தியைப் பார்க்கக் கொறற்றி ஒருபோதும் அவ்வளவு தூரம் போனதில்லை. அடுத்த விடுமுறை நாளில் போனாள். பேர்ன், சூரிச், விண்டர்தூர் என்று ஊர்கள் கண்ணாடிக்கு வெளியே நழுவிப்போயின. எல்லா ஊரிலும் கூரைகள் சாய்வாக இருந்தன. ஒன்றிலாவது மொட்டை மாடி இருக்கிறதா என்று அவள் வழி முழுவதும் பார்த்துக்கொண்டே போனாள்.

ரயில் மேடையில் நின்ற சிவமலருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. வேலைத்தலத்தில் போடும் தலைமுடி வலையின் தடம் நெற்றியில் இன்னும் சிவப்பாக இருந்தது. “அக்கா, நீங்கள் உயரமான ஆளெண்டு நினைச்சன்” என்றாள். அதுதான் வரவேற்பு. நகரத்துக் குளத்தைச் சுற்றி நடந்தார்கள். வாத்துகள் கூடவே நீந்தின. தண்ணீரில் பழைய நகரத்து வீடுகள் தலைகீழாக நின்றன.

“உமக்கு இளம்பரிதியைப் பிடிக்கேல்லை” என்று கொறற்றி தொடங்கினாள்.

“ஐயோ, அவரில எனக்கு ஒரு கோபமும் இல்லை. நல்ல பிள்ளை.” சிவமலர் சற்று நின்றாள். “அக்கா, எனக்கு முன்னால ஒரு நாளைக்கு அறுபதாயிரம் மூடி போகும். கோணலா இருக்கிறதை எடுக்கவேணும். வேற வேலையில்லை. அப்ப நான் யோசிப்பன், இப்ப அமுதினி என்ன செய்யிறாள் எண்டு. இந்த நேரம் வெயில் புறாக்கூட்டில விழும், அவள் கதவைப் பாதி சாத்துவாள், இப்பிடி. நீங்கள் எழுதாததையும் நான் பார்ப்பன். அவர் வந்தாப் பிறகு, அவள் எந்த நேரமும் அவரைத்தான் பார்க்கிறாள். வானத்தைப் பார்க்கிறதில்லை. எனக்குப் பார்க்க ஒண்டுமில்லாமப் போச்சு.”

“ஏன் நீர் அதை எழுதேல்லை?”

“மற்றவைக்குச் சந்தோசமா இருந்துது. நான் ஏன் குழப்புவான்?”

கொறற்றி குளத்தைப் பார்த்தாள். “டீவியில வந்தவளைப் பார்த்தனீரோ?”

“பார்த்தன். அது வேற ஆரோ. பேர்தான் ஒண்டு.” தெருவில் யாரையோ பார்த்து வேறு ஆளென்று நினைத்துவிட்டது போல அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். “அக்கா, அந்தப் புறாக்காரரின்ர இருமல் சுகம் வந்திட்டுதோ? அதை நீங்கள் சொல்லவேயில்லை.”

“இல்லை” என்றாள் கொறற்றி. “இன்னும் சுகமில்லை. மஞ்சள் போட்டுப் பால் குடிக்கிறார்.”

“நினைச்சன்.”

அதற்குப் பிறகு மூன்று சுற்று நடந்தார்கள். மழைக்காலம் வந்தால் அமுதினி தையல் இயந்திரத்தை எங்கே நகர்த்துவாள், தேநீர்க்காரிக்கும் அவளுக்கும் இடையில் என்ன மனத்தாங்கல் என்று இரண்டு ஊரில் இருக்கும் இரண்டு பேர் ஒரே வீட்டு ஆளைப் பற்றிக் கதைப்பது போலக் கதைத்தார்கள். வாத்துகள் அலுத்துப்போய்க் கரையேறிவிட்டன.

திரும்பும் ரயிலில், சூரிச்சைத் தாண்டியதும், கொறற்றி எழுதினாள். இளம்பரிதியை அவள் கொல்லவில்லை, கெட்டவன் ஆக்கவும் இல்லை. கடைசித் தொட்டியின் ஒழுக்கையும் அடைத்துவிட்டு, கையைத் துடைத்து, அமுதினி கொடுத்த கஞ்சியைக் குடித்து, நன்றி சொல்லிவிட்டு அக்கரைப் படகில் ஏறினான். ஆற்றுக்கு நடுவே ஒருமுறை கையை அசைத்தான். அவளும் அசைத்தாள். பிறகு மேகம் எந்தப் பக்கம் போகிறது என்று அண்ணாந்து பார்த்தாள்.

வாசகர்கள் திட்டினார்கள். ‘ஏமாத்திட்டீங்க சிஸ்.’ ‘இதுக்கா அறுபது எபி படிச்சோம்?’ ஒருத்தி, தான் வேலைக்கு விடுப்பு எடுத்து அழுததாக எழுதினாள். கொறற்றி ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டாள். அவர்களுடைய ஆசையை வளர்த்துவிட்டவள் அவள்தானே. இரண்டு மாதத்தில் நாலாயிரம் பேர் எழுபதாகக் குறைந்தார்கள். எழுபதில் ஐம்பது பேர் ஒன்றும் எழுதாத மௌன வாசகர்கள். மதுரைக்காரி போகவில்லை. ‘எனக்கு மாடி போதும் ஆவி அக்கா’ என்றாள். இப்போது அவளும் ‘ஓம்’ என்றுதான் எழுதுவாள். விரிப்புகள் மறுபடி தங்களுடைய வேலையைச் செய்தன. போர்த்துக்கல்காரி சில நாள் மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது.

அடுத்த வருடம் ‘ஏழாம் படகுத்துறை’ முடிந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடிக்காரி சிறைக்குப் போனாள், எல்லோரும் கூடி நின்று படம் எடுத்தார்கள், மறு கிழமை அதே நேரத்தில் வேறு தொடர் வந்தது. கொறற்றி அன்று நாலு மணிக்குத் தொலைக்காட்சியைப் போடவில்லை. தொண்ணூறாம் எபியை எழுதிக்கொண்டிருந்தாள்.

ஆனித் திங்களில் சிவமலர் ஒரு கருத்து எழுதினாள். அவள் எதையாவது வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. ‘பழைய அரண்மனை மாடியில் குளம் போல ஒரு மழைநீர்த் தொட்டி இருக்கிறது என்று சொன்னீர்கள். இவ்வளவு வெக்கையில் அமுதினி அதற்குள் இறங்கமாட்டாளா? ஒரு தரம் மிதக்கட்டும்.’

கொறற்றி எழுத உட்கார்ந்தாள், வரவில்லை. கடல் கரையில் பிறந்தும் அவள் முழங்காலுக்கு மேலே நனைந்ததில்லை. அண்ணன்மார் கடலுக்குப் போவார்கள், பெண்பிள்ளைகள் கரையில் நிற்பார்கள். இங்கே வந்து இருபத்தைந்து வருடம், இரண்டு ஏரிகளுக்கு நடுவே இருந்துகொண்டு, தண்ணீரைப் பார்த்ததோடு சரி. மிதந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததை எழுதினால் சிவமலர் பிடித்துவிடுவாள்.

சனிக்கிழமை பின்னேரம் எலேனாவும் அவளும் துன் ஏரிக் கரைக்குப் போனார்கள். கொறற்றி கறுப்புக் காற்சட்டையும் நீண்ட சட்டையும் போட்டிருந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏரிக்கு அந்தக் கரையில் நீசன் மலை முக்கோணமாக, வெளிறிய நீலத்தில், வரைந்து வைத்தது போல நின்றது. தண்ணீர் கணுக்காலைக் கடித்தது. இடுப்பு வரை போனபோது மூச்சு நின்று பிறகு வந்தது.

“முதுகை என்ர கையில விடுங்கோ” என்றாள் எலேனா. “காலை உதறாதேங்கோ. தலையைப் பின்னுக்குப் போடுங்கோ. இன்னும். காது நனையவேணும்.”

“பிடிச்சுக்கொண்டு நில்.”

“நிக்கிறன்.”

காது தண்ணீருக்குள் போனதும் கரையின் சத்தமெல்லாம் ஒரேயடியாக அணைந்தது. பிள்ளைகளின் கூச்சல் இல்லை, படகின் ஊதல் இல்லை. தன்னுடைய மூச்சு மட்டும், பெரிதாக, பக்கத்தில் யாரோ நித்திரை கொள்வது போல. மேலே வானம் மடிப்பே இல்லாமல் விரிந்து கிடந்தது. உடம்பில் எந்த இடம் கனம் என்று தேடினாள். எங்கும் இல்லை. முதலில் பயப்படுவது காதுதான் என்று நினைத்தாள். அமுதினிக்கும் காதுதான் முதலில் பயப்படும். பிறகு அந்தக் காதே சொல்லும், பயப்படாதே என்று. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாளோ, கண்ணைத் திருப்பிப் பார்த்தபோது எலேனா இரண்டு எட்டுத் தள்ளி, இரண்டு கையையும் உயர்த்திக் காட்டிக்கொண்டு நின்றாள்.

பஸ் தரிப்பில் நின்றபடியே கொறற்றி எழுதத் தொடங்கினாள். தலைமயிரிலிருந்து நீர் சொட்டிக் கைபேசிக் கண்ணாடியில் விழுந்தது. துடைத்துத் துடைத்து எழுதினாள். பஸ் வந்து கதவைத் திறந்தது. எலேனா ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கொறற்றி தலை நிமிராமல், அடுத்ததில் வருகிறேன் என்று கையைக் காட்டினாள்.